உரிமப் புனைவு எழுதுபவர் வாசகரின் கதைக்கருவை ஏன் வாசிக்கக்கூடாது, எப்படி மறுப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

நல்லூரில் நடந்த சிறிய புத்தக வெளியீடு ஒன்றின் முடிவில், தேநீரும் வடையும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றை என் கையில் வைத்தார். சிறுவர்களுக்கான அசைவூட்டத் தொடர் ஒன்றின் பாத்திரங்களைக் கொண்டு நான் எழுதிவந்த குறுநாவல்களுக்கு அடுத்த கதை அதில் இருப்பதாகச் சொன்னார். "தம்பி, ஆறுதலா வாசிச்சுப் பாரும். பிடிச்சா எழுதும். என்ர பேர் ஒண்டும் போடத் தேவையில்லை" என்றார். கொப்பிக்குக் காக்கிக் கடதாசியில் உறை போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஓரம் விட்டு, அத்தியாயத் தலைப்புகளின் கீழே சிவப்புப் பேனையால் கோடும் இழுத்திருந்தார் என்பது உறையின் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த ஒரு தாளிலேயே தெரிந்தது. நான் கொப்பியைத் திறக்காமல் இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய முகம் வாடியதைப் பார்த்த பிறகு எனக்கு வடை இறங்கவில்லை.

அந்த மறுப்பில் அகந்தை எதுவும் இல்லை என்பதையும், அவரை அவமதிக்காமல் அதையே இன்னும் நல்ல முறையில் செய்திருக்கலாம் என்பதையும் விளக்கவே இதனை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சென்னையிலோ உள்ள நிறுவனங்களின் தொடர்களுக்கும் விளையாட்டுகளுக்கும் கதை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது பயன்படும். அவர்களுக்குக் கதை சொல்ல ஆசைப்படும் வாசகர்களுக்கும் கடைசிப் பகுதியில் சில வழிகள் உள்ளன.

குத்தகைக் காணியில் விளைவிப்பது

ஏற்கெனவே இன்னொருவருக்குச் சொந்தமான திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளையாட்டு ஆகியவற்றின் உலகத்தையும் பாத்திரங்களையும் வைத்து, உரிமையாளரின் அனுமதியோடு எழுதப்படும் கதையை ஆங்கிலத்தில் டை-இன் என்பார்கள். நான் அதனை உரிமப் புனைவு என்று குறிப்பிடுகிறேன். 1977இல் ஸ்டார் வோர்ஸ் படம் வெளியான மறு ஆண்டே அதன் பாத்திரங்களுக்குப் புதிய கதையோடு அலன் டீன் ஃபொஸ்டர் ஒரு நாவல் எழுதினார். அதன் பின்னர் அந்த ஓர் உலகத்துக்குள் மட்டும் பல எழுத்தாளர்கள் எழுதிய நூல்கள் பெரும் வரிசையாக வளர்ந்தன. 2014இல் உரிமையாளர் நிறுவனம், அதுவரை வந்த நாவல்களின் சம்பவங்கள் இனிவரும் படங்களைக் கட்டுப்படுத்தமாட்டா என்று ஓர் அறிவிப்பில் அவற்றை ஒதுக்கிவைத்தது. எழுதியவர்கள் எவரையும் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை.

குத்தகைக்குத் தோட்டம் செய்பவர்களுக்கு இந்த நிலைமை உடனே விளங்கும். வெங்காயம் நடலாம், இறைக்கலாம், விளைந்ததற்கு உரிய பங்கையும் பெறலாம். ஆனால் வேலியை நகர்த்தவோ, கிணற்றை ஆழப்படுத்தவோ, அயலவரைக் கூப்பிட்டு ஒரு மூலையில் மரவள்ளி நடச்சொல்லவோ நமக்கு உரிமையில்லை. உரிமப் புனைவு எழுதுபவர் முதலில் கதைச்சுருக்கத்தைப் பதிப்பாசிரியருக்கு அனுப்புகிறார். பதிப்பாசிரியர் அதனை உரிமையாளர் நிறுவனத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஒப்புதல் கிடைத்த பின்னரே எழுத்து தொடங்குகிறது. முழுப் பிரதியும் அதே வழியால் மீண்டும் போய் வருகிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் பதிப்புரிமை எழுத்தாளரின் பெயரில் இருப்பதில்லை. ஆகவே, ஆசிரியர் தமது கொப்பியை எனக்கு மனமுவந்து தந்தபோது, அதை ஏற்கும் அதிகாரம் அந்தக் கதையுலகத்தில் எனக்கு இருக்கவே இல்லை.

சட்டம் சொல்வதும், சட்டம் போதாத இடமும்

கதைக்கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனது 8ஆம் பிரிவில், ஒரு கருத்து படைப்பொன்றில் விவரிக்கப்பட்டிருந்தாலும் கூட அந்தக் கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. இந்தியாவில் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: கருவும் பொருளும் பொதுவானவை, அவற்றை வெளிப்படுத்திய விதமே பாதுகாக்கப்படுவது. இவ்வளவோடு விடயம் முடிந்திருந்தால் நான் அன்று கொப்பியை வாங்கியிருப்பேன்.

முடியவில்லை என்பதற்கு ஹொலிவூட்டில் நடந்த ஒரு பழைய வழக்கு போதும். 1949இல் ஒருவர், இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, 1925இல் கென்டக்கியில் குகைக்குள் சிக்கி இறந்த ஒருவரின் கதையைப் படமாக்கலாம் என்று செயலாளரிடம் சொன்னார். அவர் எழுதியிருந்தது மிக நீளம் என்றும் சுருக்கித் தரும்படியும் செயலாளர் கேட்டார். அவர் சுருக்கி, மீண்டும் அழைத்து வாசிக்க, செயலாளர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டார். 1951இல் குகைக்குள் சிக்கிய ஒருவரைப் பற்றிய வைல்டரின் படம் வெளிவந்தது. குகைச் சம்பவம் பத்திரிகைகளில் வந்த பொதுச் செய்திதான். ஆயினும் 1956இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், கரு தன்னளவில் எவருக்கும் சொந்தமில்லை என்றாலும், பணம் எதிர்பார்த்துச் சொல்லப்படுகிறது என்று தெரிந்தும் அதைக் கேட்டுப் பயன்படுத்தியவருக்கு, சொல்லாமலே உருவான ஓர் ஒப்பந்தப் பொறுப்பு இருக்கலாம் என்று கூறி, விசாரணை இல்லாமலே தள்ளப்பட்டிருந்த வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. சுருக்கெழுத்துக் கொப்பியும் பென்சிலும் பிடித்த ஒரு செயலாளரின் கையால் ஒரு வழக்குப் பிறந்தது.

பதிப்புரிமை வழக்குகளில் நேரடிச் சான்று இல்லாதபோது நீதிமன்றங்கள் பொதுவாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. முந்தைய படைப்பைப் பார்க்கும் வாய்ப்பு இவருக்கு இருந்ததா? இரண்டுக்கும் இடையே கணிசமான ஒற்றுமை உண்டா? சாதாரண நாவலாசிரியருக்கு இவற்றில் இரண்டாவது கேள்வி பெரிய பாதுகாப்பு. ஏனென்றால் அவருடைய பாத்திரமும் ஊரும் அவருடையவை. உரிமப் புனைவிலோ வாசகரும் எழுத்தாளரும் ஒரே கதாநாயகியை, ஒரே எதிரியை, ஒரே வீட்டை வைத்து எழுதுகிறார்கள். ஒற்றுமை தொடக்கத்திலேயே நிறைந்து வழிகிறது. அந்தச் சுவர் இடிந்துவிட்டால் எஞ்சுவது முதலாவது சுவர் மட்டுமே: "நான் அதைப் பார்க்கவில்லை." அதை உண்மையாகவும் கூச்சமில்லாமலும் சொல்ல முடியவேண்டும் என்பதற்காகவே இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வாசிக்க மறுக்கிறார்கள்.

வாசித்துவிட்டு மறந்துவிடலாம் என்பது சரிவராது. 1976இல் இசைக்கலைஞர் ஜோர்ஜ் ஹரிசன் மீதான பதிப்புரிமை வழக்கில், அவர் முன்னர் கேட்ட ஒரு பாடலின் மெட்டைத் தம் பாடலுக்கு வேண்டுமென்று எடுத்ததாக நீதிபதி கருதவில்லை. உணராமலே எடுத்துவிட்டார் என்று கண்டார். அப்படி இருந்தும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே போனது.

ஏன் ஒரே கரு பலருக்கு உதிக்கிறது

வாசகர் பலர் நம்ப மறுக்கும் இடம் இது. நான் எழுதிவந்த தொடரில் முதலாம் பருவத்தின் முடிவில் கதாநாயகியின் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்புவதில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த எந்தப் பிள்ளையும் கேட்கும் முதற்கேள்வி, அண்ணன் எங்கே என்பது. அதற்குரிய விடைகளும் எண்ணி நான்கு: அவன் இறந்துவிட்டான், சிறைப்பட்டிருக்கிறான், நினைவிழந்து வேறு பெயரில் வாழ்கிறான், எதிரியின் பக்கம் சேர்ந்துவிட்டான். தொடரின் நிறுவனம் இறப்பைச் சிறுவர் கதைகளில் அனுமதிப்பதில்லை. ஆகவே மூன்று. அரியாலையில் இருக்கும் ஒரு பிள்ளையும், நோர்வேயில் இருக்கும் ஒரு தாயும், என் மேசையில் இருக்கும் நானும் அந்த மூன்றுக்குள்ளேயேதான் ஓடியாட வேண்டும். கதையுலகம் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் அடுத்த கதைகள் குறைந்த வாசல்களால் வெளியே வருகின்றன. தம் கருவை எவரோ திருடினார் என்று மனம் புண்படும் வாசகர், பெரும்பாலும் ஒரே வாசலால் வந்த இன்னொருவரையே பார்த்திருப்பார்.

இப்படி முட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பதிவுகள் உள்ளன. பபிலோன் 5 என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி ரசிகர்களோடு இணையத்தில் நேரடியாக உரையாடியவர். அவர் எழுத நினைத்திருந்த ஓர் அத்தியாயத்தின் கருவை ஒத்த ஒன்றை ரசிகர் ஒருவர் பொதுவெளியில் எழுதிவிட, அந்த ரசிகர் எழுத்தில் உரிமை விடுத்துக் கையொப்பமிடும் வரையில் அவர் அதை ஒதுக்கிவைத்தார். அது 1995இல்தான் ஒளிபரப்பானது. ரசிகர் நல்லவராக இருந்தபடியால் அது தப்பியது. மற்றையது அமெரிக்க நாவலாசிரியர் மரியன் சிம்மர் பிராட்லியின் கதை. அவர் எழுதியது சொந்த உலகம். உரிமப் புனைவு அன்று. 1980 முதல் ரசிகர்களின் கதைகளைத் தொகுத்து நூல்களாகவே வெளியிட்டவர். 1992ஆம் ஆண்டளவில் ரசிகர் ஒருவரின் கதையோடு தொடர்புபட்ட பிணக்கால் ஒரு நாவலையே கைவிட நேர்ந்தது. யார் என்ன கேட்டார்கள் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அதன் பின்னர் அவர் அந்தக் கதவை மூடிவிட்டார்.

படி 1: ஒப்பந்தத்தில் உத்தரவாதப் பிரிவைத் தேடுங்கள்

பணத்தொகை உள்ள பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவது நம்மில் பலரின் வழக்கம். அதற்குப் பின்னால் உள்ள பக்கங்களில், பிரதி முழுவதும் உங்கள் சொந்த ஆக்கம் என்றும், எவராவது உரிமை கோரினால் பதிப்பகத்துக்கு ஏற்படும் செலவுக்கும் நட்டஈட்டுக்கும் நீங்களே பொறுப்பு என்றும் ஒரு பிரிவு இருக்கும். நிறுவனத்தின் சட்டப்பிரிவுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் வந்தால், வழக்காடுவதைவிடப் புத்தகத்தை நிறுத்துவது அவர்களுக்கு மலிவு. இழப்பது உங்கள் கூலியும் அடுத்த வேலையுமே. ஆங்கில ஒப்பந்தமாயின் ஒரு சட்டத்தரணியிடம் அந்த ஒரு பிரிவையாவது காட்டி விளங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் கருக்களுக்குத் திகதி இடுங்கள்

மனதில் உள்ள கரு சான்றாகாது. தோன்றியதை ஐந்தாறு வரியில் எழுதி அன்றைக்கே பதிப்பாசிரியருக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். எதிர்காலத்தில் எழுதக்கூடிய கதைகளின் பட்டியலாகவேனும் அனுப்பிவையுங்கள். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைத் திறக்காமல் வைத்திருக்கும் பழக்கத்தை நம் மூத்த எழுத்தாளர் சிலர் இன்னும் பரிந்துரைப்பதுண்டு. ஒட்டாத உறையையும் தபாலில் சேர்க்கலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வேறொருவரின் பெட்டியில் கிடக்கும் மின்னஞ்சல் பலமானது.

படி 3: முன்கூட்டியே அறிவியுங்கள்

நூலின் இறுதிப் பக்கத்திலும், உங்கள் முகநூல் அறிமுகத்திலும் இரண்டு வரி போதும். நான் போடுவது இது: "இந்தத் தொடரின் பாத்திரங்களைப் பற்றிய கதைக்கருக்களை ஆசிரியர் வாசிக்க இயலாது. கதையைப் பற்றிய உங்கள் கருத்துகளையும் கேள்விகளையும் மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறார்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 4: முகத்துக்கு நேரே மறுப்பது

இலண்டனில் இருக்கும் எழுத்தாளருக்கு இது ஒரு பிரச்சினையே அன்று. அவருடைய முகவர் ஒரு கடிதம் அனுப்பிவிடுவார். இங்கே கரு கொண்டுவருபவர் உங்கள் ஆசிரியராக இருப்பார், அல்லது அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரராக, அல்லது ஒழுங்கையில் அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருப்பார். நாளை ஒரு செத்தவீட்டிலோ கோயில் வீதியிலோ அவரைக் காண்பீர்கள்.

முதலாவது வாக்கியத்திலேயே நிறுத்துவது முக்கியம். "எனக்கு ஒரு ஐடியா, அந்த அண்ணன் இருக்கிறானெல்லோ..." என்று தொடங்கியதும் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டு நின்றால், முழுவதையும் கேட்டுவிட்ட பிறகு மறுப்பதற்கு எதுவும் இருக்காது. நான் இப்போது உடனே சொல்வது: "சேர், மன்னிக்கோணும், உதைக் கேட்டா நான் அதை எழுதேலாமல் போயிடும். என்ர கையெழுத்து அப்பிடி ஒரு பேப்பரில கிடக்கு." பழியை ஒப்பந்தத்தின் மேல் போடுவது பொய்யன்று, உண்மையே அதுதான். அதோடு, கேட்டால் அவருடைய கருவே கதையாகாமல் போய்விடும் என்று சொல்வது பெரும்பாலானவர்களுக்கு உடனே உறைக்கிறது. பெரியவர்களுக்கு அதன் பின்னர் வேறொரு கேள்வியைக் கையளியுங்கள்: "அண்ணன் போன காட்சி உங்களுக்கு எப்பிடிப் பட்டது?" அவர்கள் தாம் வாசித்ததைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அது உங்களுக்குப் பயனுள்ளது, ஆபத்தும் இல்லை.

"என்ர பேர் போடத் தேவையில்லை" என்பது கேட்க மிக இதமான வாக்கியம். இந்த விடயத்தில் மிக ஆபத்தானதும் அதுவே. ஆசிரியர் வாக்கு மாறமாட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இலங்கைச் சட்டத்தில் பொருளாதார உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் கையொப்பத்தோடு நடக்கவேண்டும். அவர் எழுதிய கொப்பியின் பதிப்புரிமை, அவருடைய ஆயுளுக்குப் பிறகும் 70 ஆண்டுகளுக்குத் தொடரும். அந்தக் காலம் முழுவதும் அது அவருடைய பிள்ளைகளின் கையிலும் பேரப்பிள்ளைகளின் கையிலும் இருக்கும். அவர்களை நான் கண்டதே இல்லை.

படி 5: கேட்காமல் வந்து சேர்பவை

மின்னஞ்சலின் தலைப்பிலேயே கரு என்று தெரிந்தால் திறக்காமல், "வாசிக்கப்படவில்லை" என்ற ஒரு வரிப் பதிலோடு விட்டுவிடுங்கள். தபாலில் வந்ததை வீட்டில் வேறொருவர் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பட்டும். என்னை விழுத்தியது வட்ஸ்அப் குரற்பதிவு. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மறுகையில் தொலைபேசியுமாக நின்று, பெயர் தெரியாத இலக்கத்திலிருந்து வந்த பதிவு ஏதோ விழா அழைப்பாக்கும் என்று எண்ணி அழுத்தினேன். ஒரு நிமிடத்துக்குள் அண்ணன் நினைவிழந்து ஒரு வாடியில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தான். என்னுடைய மூன்றாவது நூலின் சுருக்கத்திலும் அவன் கிட்டத்தட்ட அதையே செய்துகொண்டிருந்தான். அந்தச் சுருக்கம் என் கணினியில் மட்டுமே இருந்தது, எவருக்கும் அனுப்பப்படவில்லை. படி 2ஐ நான் கற்றுக்கொண்டது அந்தச் சந்தையில்தான். இப்போது தெரியாத இலக்கத்திலிருந்து வரும் குரற்பதிவை நான் கேட்பதில்லை; கதைக்கருவாயின் அனுப்பவேண்டாம் என்றும், வேறு விடயமாயின் எழுத்தில் அனுப்பும்படியும் கேட்கிறேன்.

படி 6: வாசித்துவிட்டால் அல்லது கேட்டுவிட்டால்

மறைக்க வேண்டாம். அன்றைக்கே பதிப்பாசிரியருக்கு, எப்போது, எந்த வழியால், எவ்வளவு கேட்டீர்கள் என்பதை எழுதுங்கள். உங்களிடம் அதற்கு முந்திய திகதியோடு சான்று இருந்தால் இணையுங்கள். இல்லையென்றால் வழி இரண்டு. வாசகரிடம் உரிமைவிடுப்புக் கடிதம் பெறுவது ஒன்று. அதை நீங்கள் நேரடியாகக் கேட்காமல் நிறுவனமே கேட்கட்டும். நட்போடு எழுதிய ஒரு வரி பின்னர் வாக்குறுதியாக வாசிக்கப்படலாம். மற்றையது கைவிடுவது. நான் கைவிட்டேன். குரற்பதிவு அனுப்பிய பெண் சில மாதங்களின் பின் மகிழ்ச்சியோடு கேட்டார், "என்ர கதை எப்ப வரும்?" என்று. அவரிடம் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. அண்ணனை நான் சிறைப்படுத்திவிட்டேன், அது அவ்வளவு நல்ல கதையாக வரவில்லை.

படி 7: பட்டறைகளும் நடுவர் பணியும்

பாடசாலைகளில் கதைப்பட்டறை நடத்த அழைத்தால், உங்கள் தொடரின் பாத்திரங்களை வைத்துப் பிள்ளைகள் எழுதக்கூடாது என்பதை அதிபரிடம் முன்னரே சொல்லுங்கள். போட்டி நடுவராகவும் அதே நிபந்தனையோடு போகலாம்.

வாசகருக்கு: அந்தக் கருவை எங்கே கொண்டுபோவது

உரிமையாளரே வாசல் திறக்கும் தருணங்கள் உண்டு. 1989 அளவில் ஸ்டார் ட்ரெக் தொடரின் தயாரிப்பாளர் மைக்கேல் பில்லர், முகவர் இல்லாதவர்களும் உரிமைவிடுப்புப் படிவத்தோடு திரைக்கதை அனுப்பலாம் என்று அனுமதித்தார். அதே தொடருக்கு ஒரு கதையை எழுதிக் கொடுத்து உள்ளே வந்த ரொனல்ட் டி. மூர் பின்னர் பெரிய தொடர்களையே உருவாக்கினார். பிரித்தானியாவில் டொக்டர் ஹூ தொலைக்காட்சியில் நின்றுபோயிருந்த 1990களில், வேர்ஜின் பதிப்பகம் புதியவர்களின் பிரதிகளை வரவேற்று நாவல்கள் வெளியிட்டது. அந்த வரிசையில் எழுதிய சிலர் பின்னர் தொடர் மீண்டபோது அதன் திரைக்கதைகளையே எழுதினார்கள். இங்கே கவனிக்கவேண்டியது, படிவமும் விதியும் முதலில் வந்தன, கதை பிறகு வந்தது என்பதே.

வாசல் திறக்காதபோது வலிந்து நுழைவது பலிக்காது. ரொக்கி படங்களின் நான்காம் பாகத்துக்கு 1982இல் தானாகவே 31 பக்கக் கதை எழுதிய ஒருவர், படம் வந்த பிறகு அதை எழுதி நடித்த சில்வெஸ்டர் ஸ்டலோன் மீது வழக்குத் தொடுத்தார். 1989இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பாத்திரங்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்டவையாதலால் அவருடைய எழுத்துக்கே பாதுகாப்பில்லை என்றது.

பொதுச்சொத்தான உலகங்களில் எவரும் விளைவிக்கலாம். கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய பின்னர் வந்தியத்தேவனைத் தம் கதைகளுக்குள் கொண்டுபோனவர்கள் பலர். அதைவிட நல்லது, கருவிலிருந்து இரவல் பாத்திரங்களைக் கழற்றிவிட்டுச் சொந்தப் பெயர்களையும் சொந்த ஊரையும் போடுவது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அண்ணனின் இயல்பு, அவன் போன விதம், வீட்டின் அமைப்பு ஆகியவையும் மாறவேண்டும். அப்போது கரு மட்டும் மிஞ்சும். அதிலிருந்து நீங்கள் எழுதும் கதை முழுக்க உங்களுடையது.

இதை எங்கள் ஆசிரியருக்குச் சொல்ல ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். கோபிக்கவில்லை. அதற்குள்ளேயே அவர் கதையைக் காரைநகருக்கு மாற்றி, வெளிச்சவீட்டுக் காவலாளி ஒருவரின் பேத்தியைக் கதாநாயகியாக்கி, புதிய கொப்பியில் எழுதி முடித்திருந்தார். அப்போதும் நான் அதைத் தொடவில்லை. தொடரை நன்கு அறிந்த என் மனைவி முதலில் வாசித்தார். மூன்றாம் அத்தியாயத்தில் பழைய பெயர் இரண்டு இடங்களில் இன்னும் கிடக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறார். சேர் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.